ஒற்றைப் புரி

நீங்களா அமுக்கிப் பாக்காதீங்க, நான் வந்து பாத்துக்கிறேன் என்று சொல்லிவிட்டு டாக்டர் மெஹ்ருன்னிசா அடுத்த அறைக்குப் போயிருக்கிறார். நான் அமுக்கவில்லை. பார்க்க மட்டும் செய்கிறேன். பார்த்துக்கிட்டே இருந்தா நிறம் மாறுறது தெரியாதுக்கா, கொஞ்சம் வேற பக்கம் பாத்துட்டுத் திரும்பிப் பாருங்க என்கிறாள் நர்ஸ், சின்னப் பெண், ஆனால் வேறு பக்கம் பார்த்ததால்தானே இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன், அதனால் பார்க்கிறேன், மடியில் அமுதினி, அவளுடைய இடது கால், அதில் கட்டை விரலுக்கு அடுத்த விரல், மொத்த விரலே ஒரு பட்டாணி அளவுதான், அது நாவல்பழத் தோல் மாதிரிக் கறுத்து வீங்கி, அடியில் சுற்றிலும் ஒரு சிவப்புக் கோடு, கோடு இல்லை, பள்ளம். அந்தப் பள்ளத்துக்குள் இருந்துதான் டாக்டர் ஊசி முனையால் கிளப்பிக் கிளப்பி, நுனிக் கத்தரியால் வெட்டி வெட்டி நூலை எடுத்தார். பல சுத்து சுத்தியிருக்கு, பிள்ளை காலை உதைக்க உதைக்க இறுகியிருக்கு என்றார். இப்ப ரத்தம் இறங்கணும், கொஞ்ச நேரம் பாப்போம், நிறம் திரும்பிட்டா பயமில்ல, திரும்பலைன்னா மதுரைக்கு எழுதித் தர்றேன், அங்க சர்ஜன் பாக்கட்டும் என்றார். சர்ஜன் பார்த்தால் என்ன செய்வார் என்று நான் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அத்தையும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும். மெட்டி போடுற விரலாச்சே என்று மட்டும் அத்தை சொன்னார், யாரிடமும் இல்லை, சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசிப் படத்தைப் பார்த்து. ஆறு மாதப் பிள்ளைக்கு மெட்டி. அழுது அழுது ஓய்ந்து இப்போதுதான் தூங்குகிறாள், தூக்கத்திலும் உதடு கோணுகிறது, வீட்டில் அழுத அந்த அழுகை இன்னும் மூச்சுக்குள் மிச்சம் இருக்கிறது, வீட்டில் அழுத அழுகை, வேண்டாம், அதை நினைக்க வேண்டாம், விரலைப் பார்.

விரலைப் பார்த்தால் பக்கத்தில் அத்தையின் கை தெரிகிறது. கையில் அந்தச் சாக்ஸ். ரோஸ் கலர், கணுக்காலில் முயல் காது வைத்தது. அத்தையே கொடைக்கானலில் வாங்கி வந்தது, காலையில் மழைச் சாரல் அடித்ததால் குளிப்பாட்டிவிட்டு அத்தையே போட்டுவிட்டதும்கூட. டாக்டர் அதை உள்பக்கமாகத் திருப்பிப் பார்த்தார், உள்ளே முயல் காதைத் தைத்த இடத்தில் நூல்கள் பிசிறு பிசிறாகத் தொங்கின. பெரும்பாலும் இதான், சாக்ஸ் உள்ள நூல் பிரிஞ்சிருக்கும், இல்லைன்னா அம்மாவோட முடி, பிள்ளை பெத்த பிறகு முடி கொட்டும்ல, நாங்க பாக்கிறதுதான், இனிமே சாக்ஸ் போட்டா உள்ளே திருப்பிப் பாத்துட்டுப் போடுங்க, யாரையும் குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல என்றார். யாரையும் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை என்று சொன்னதும் அத்தையின் முகம் நொறுங்கியதைப் பார்த்தேன். அத்தை தங்கபுஷ்பம் என்றால் எங்கள் பருப்பு மில்லில் மூட்டை தூக்குகிறவர்கள் பீடியை அணைத்துவிட்டு நிற்பார்கள், அவர் அழுது நான் கண்டதில்லை, மாமா இறந்தபோது நான் இந்த வீட்டுக்கு வந்திருக்கவில்லை. நான்தான டாக்டரம்மா போட்டேன், திருப்பிப் பாக்கணும்னு எனக்குத் தோணலையே, மூணு பிள்ளை வளத்தவ எனக்குத் தோணலையே என்றார். அப்போது நான் வாயைத் திறந்திருக்கலாம். நர்ஸ் அந்த நூலை ஒரு பஞ்சில் வைத்துத் தட்டில் போட்டிருந்தாள், தட்டு என் முழங்கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது, ரத்தத்தில் ஊறித் துண்டு துண்டாகக் கிடந்தது, யாருக்கும் என்ன நிறம் என்று தெரியாது. எனக்குத் தெரிந்தது. ஒரு துண்டின் நுனியில் ரத்தம் படவில்லை. மஞ்சள். சாக்ஸ் நூல் மஞ்சளா இருக்குமா, ரோஸ் சாக்ஸில் மஞ்சள் எங்கிருந்து வரும், என் முடி மஞ்சளா. நான் அமுதினியின் குல்லாவைச் சரிசெய்தேன். சரியாக இருந்த குல்லாவை.

மஞ்சள் மூட்டை ஈரோட்டிலிருந்து வருகிறது. விருதுநகரில் எங்கள் வீட்டைச் சுற்றி எல்லாம் மூட்டைதான், துவரை, உளுந்து, மல்லி, வத்தல், எல்லா மூட்டைக்கும் வாயைத் தைத்த நூல் ஒன்று இருக்கும், கல்யாணமாகி வந்த புதிதில் குடோனில் நின்று அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன், ஆள் சரியான நுனியைப் பிடித்து இழுத்தால் சர்ரென்று ஒரே இழுப்பில் மொத்தத் தையலும் கழன்று கையோடு வந்துவிடும், தப்பான நுனியைப் பிடித்தால் ஒரு கண்ணிகூட நகராது, இழுக்க இழுக்க இறுகும். கழற்றிய நூலைக் கீழே போட்டு மிதித்துவிட்டுப் போவார்கள். அதைப் பொறுக்க ஆரம்பித்தேன். முதலில் ஒரு பை, பிறகு ஒரு சாக்கு, பிறகு மாடி அறை முழுக்க. ஓவியக் கல்லூரியில் படித்த பெண் குடோனில் குனிந்து நூல் பொறுக்குகிறாள் என்று ஊர் சிரிக்குமோ என்று பயந்தேன், சிரித்தது என் வீட்டுக்காரர் சண்முகவேல் மட்டும்தான், ஊர்ல எல்லாரும் மூட்டைக்குள்ள இருக்கிறத வித்துத் திங்கிறான், என் பொண்டாட்டி மூட்டை வாயை வித்துத் திங்கப் போறா என்று. அத்தை சிரிக்கவில்லை. அத்தைக்கு நான் செய்வது என்னவென்று புரியவும் இல்லை, ஆனால் மில்லில் நின்று, ஏலே, நூலைக் கீழ போடாத, எங்க மருமகளுக்கு வேணும், சுத்திப் பையில வை என்று அதட்டுவார், கலர் கலராகப் பிரித்து வைக்கச் சொன்னதும் அவர்தான். அந்த நூலைப் புரி பிரிப்பேன். மூன்று புரி சேர்த்து முறுக்கியது, முறுக்கை விட்டுவிட்டால் ஒற்றைப் புரி, முடியைவிடக் கொஞ்சம் தடிமன், அதை முடிச்சுப் போட்டுப் போட்டு வலையாக்கி, கூரையிலிருந்து தரை வரை தொங்கும் ஒரு மூட்டை, அடி இல்லாத மூட்டை, உள்ளே ஆள் போய் நிற்கலாம், அண்ணாந்தால் வாய் மட்டும் திறந்திருக்கும். சென்னையில் கண்காட்சி. நாளைக் காலையில் பார்சல் வண்டி வருகிறது. மேல்பக்க ஓரத்தில் ஒரு சாண் பாக்கி, அந்த ஒரு சாணுக்கு மஞ்சள் வேண்டும் என்று எனக்குத் தோன்றியது, துவைக்காத மஞ்சள், ஈரோட்டு மூட்டையின் நிறம் அப்படியே.

நிறம் வந்திருக்கிறதா. நுனியில் கொஞ்சம், நகத்துக்குக் கீழே, இல்லை, அது ட்யூப்லைட். கால் மாற்றி உட்காரலாம் என்றால் அவள் விழித்துவிடுவாள். மத்தியானம் அத்தை ஒரு வளைகாப்பு வீட்டுக்குக் கிளம்பிப் போனார், பிள்ளையைப் பாத்துக்க, சாயங்காலம் வந்துருவேன், பால் குடிச்சா தூங்கிருவா என்று. நான் மாடியில் இருந்தேன், அவளும் என்னோடு மாடியில், தூளியில். ஈரம் பண்ணிவிட்டாள். சாக்ஸும் நனைந்திருந்தது, கழற்றிப் பார்த்தேன், ஓரம்தான், காய்ந்துவிடும் என்று திரும்பப் போட்டேன். போடும்போது என் இரண்டு கையும் அவள் காலில். வாயில் புரி. பிரித்து எடுத்த ஒற்றைப் புரியை உதட்டில் இடுக்கிக்கொள்வது என் பழக்கம், கீழே வைத்தால் காற்றில் பறந்துவிடும், உதட்டில் மஞ்சள் கசந்தது நினைவிருக்கிறது. அவள் உதைத்தாள், நான் சிரித்தேன், ஏய் கழுதை, கால நீட்டு என்று சொன்னேன். சொல்ல வாயைத் திறந்தேன். சாக்ஸைப் போட்டு முடித்துத் தூளியில் போட்டுவிட்டு நிமிர்ந்தால் உதட்டில் புரி இல்லை. காணோம். நூல்கட்டிலிருந்து இன்னொன்று எடுத்துக்கொண்டேன். இதுதான். இதைத்தான் சுற்றிச் சுற்றி வருகிறேன், ஆட்டோவில் வரும்போதும் இது, டாக்டர் கத்தரியைக் கொதிநீரிலிருந்து எடுத்தபோதும் இது, காணோம், இன்னொன்று எடுத்துக்கொண்டேன். குனிந்து பார்க்கவில்லை. தேடவில்லை. தேடினால் ஒரு நிமிடம், அந்த ஒரு நிமிடம் எனக்கு இல்லை, ஒரு சாண் பாக்கி இருந்தது. பிறகு அவள் அழுதாள். பசியா என்று மார்பில் போட்டேன், குடிக்கவில்லை. வயிறா என்று தடவினேன். பல் முளைக்கிறதோ என்று ஈறைத் தொட்டேன். எல்லா இடத்தையும் தொட்டேன், காலைத் தவிர. பிறகு தூளியில் போட்டு, தூளியிலிருந்து வரும் கயிற்றை என் கால் கட்டை விரலில் மாட்டிக்கொண்டேன், தினமும் அப்படித்தான், கை இரண்டும் வேலையில் இருக்கும், கால் ஆட்டிக்கொண்டே இருக்கும், அந்தக் கயிறும் மூட்டை நூலில் நானே திரித்ததுதான். அழுகை ஏறியது. நான் வேகமாக ஆட்டினேன். அது வேறு அழுகை என்று எனக்குத் தெரியும். தெரியாது என்று யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம், எனக்குத் தெரியும், பசி அழுகை ஏறி இறங்கும், இது இறங்கவே இல்லை, ஒரே உயரத்தில் நின்றது, இந்த வரிசையை முடித்துவிட்டு எடுக்கிறேன் என்று நினைத்தேன், முடித்தேன், அடுத்த வரிசை பாதி இருந்தது. படியேறி வந்தது அத்தைதான். வளைகாப்புப் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, என்ன இப்படிக் கதறுறா, தெருமுனை வரைக்கும் கேக்குது என்று தூக்கினார், தூக்கினதும் முதலில் சாக்ஸைக் கழற்றினார். அவருக்கு எப்படித் தோன்றியது. போட்டவருக்குத்தான் கழற்றத் தோன்றுமோ. இதென்ன தாயி இது என்றார். நான் எழுந்தேன், கயிறு காலில் இருப்பது மறந்துபோய், தூளி என்னோடு இழுபட்டு வந்தது. என் கட்டை விரலிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. செருப்புக்குள் மடக்கி வைத்துக்கொண்டிருக்கிறேன். என்னுடையது சிவந்துதான் இருக்கிறது. பெரிய ஆளின் விரல், எவ்வளவு வேண்டுமானாலும் தாங்கும்.

சிஸ்டர் ஃபிலோமின் இதை மன்னிக்க மாட்டார். கான்வென்ட்டில் எங்களுக்குத் தையல் சொல்லிக்கொடுத்தவர், மணி அடித்ததும் யாரும் எழுந்துவிட முடியாது, எல்லோரும் முட்டி போட்டுத் தரையில் கிடக்கும் ஒவ்வொரு நூலையும் விரல் நுனியில் ஒற்றி எடுக்க வேண்டும், கீழ் வகுப்புப் பிள்ளைகள் வெறுங்காலோடு வருவார்கள், அவர்கள் காலில் ஏன் உங்கள் குப்பை என்பார். எத்தனை வருஷம் ஒற்றி எடுத்தேன். வெள்ளிக்கிழமைகளில் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்குப் பாவசங்கீர்த்தனம், மரக்கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கும் பாதிரியாரிடம் செய்த பாவத்தைச் சொல்வது, எங்களுக்கு மாரல் சயின்ஸ், நாங்கள் வகுப்பில் உட்கார்ந்து உண்மை பேசுதல் என்ற பாடத்தைக் காப்பி எழுதுவோம், ஜன்னல் வழியே பார்த்தால் அவர்கள் வரிசையில் நிற்பது தெரியும், போகும்போது கையைப் பிசைந்துகொண்டு போவார்கள், வரும்போது குதித்துக்கொண்டு வருவார்கள். எனக்குப் பொறாமையாக இருக்கும். ஜாஸ்மின் மேரியிடம் கேட்டேன், உள்ளே என்னடி சொன்னே. ஜாமென்ட்ரி பாக்ஸ் திருடினது, அம்மாவை எதிர்த்துப் பேசினது, அப்புறம் செய்ய வேண்டியதைச் செய்யாம விட்டது, அதுவும் பாவத்துல சேரும் தெரியுமா, உங்களுக்கெல்லாம் அது கிடையாது, ஜாலி என்றாள். எங்களுக்கெல்லாம் அது கிடையாது. எங்கள் வீட்டில் திருடினால் அடி, எதிர்த்துப் பேசினால் அடி, செய்யாமல் விட்டதற்கு யாரும் அடித்ததில்லை, அது எங்கே போகும், அது உள்ளேயே கிடக்கும். அந்தக் கூண்டு மாதிரி ஒன்று இந்த ஆஸ்பத்திரியில் இருந்தால், இந்த மருந்து அலமாரிக்குப் பின்னால், சல்லடைக் கண்ணுக்கு அந்தப் பக்கம் முகம் தெரியாத யாராவது, உதட்டில் இருந்தது சாமி, காணோம், இன்னொன்று எடுத்துக்கொண்டேன். அவர் என்ன சொல்வார், பத்து தடவை ஏதாவது சொல் என்பார். விரல் வருமா.

அத்தை என் பக்கமாக நகர்ந்து உட்கார்கிறார். முந்தானையில் ஒரு ரூபாய் நாணயத்தை முடிந்திருக்கிறார், ஆட்டோவிலேயே முடிந்தது, இருக்கன்குடி மாரியாத்தாளுக்கு வெள்ளியில் கால் வாங்கிப் போடுவதாக வேண்டிக்கொண்டாராம், ரெண்டு கால், ஒண்ணு பிள்ளைக்கு, ஒண்ணு நான் செஞ்சதுக்கு என்கிறார். அமுதினியின் நெற்றியைத் தொடக் கையை நீட்டிப் பாதியில் இழுத்துக்கொள்கிறார், தொடவே பயப்படுகிறார், குளிப்பாட்டி மூக்குப் பிடித்துச் சாம்பிராணி போட்டு ஆறு மாதமாக அந்த உடம்பைத் தன் உடம்பு மாதிரி வைத்திருந்தவர். நிரு, என்கிறார். என்ன அத்தை. சண்முகம் தூத்துக்குடியில இருந்து ராத்திரி வந்துருவான். ஆமா. அவன்கிட்ட எப்படிச் சொல்லப்போற.  சாக்ஸ்னு சொல்லிராத தாயி, என்கிறார், மிக மெதுவாக, நர்ஸுக்குக் கேட்காதபடி. முடின்னு சொல்லிருவமா, டாக்டரே முடியும் இருக்கலாம்னுதான சொன்னாக, முடின்னா யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது, கொட்டத்தான் செய்யும். அவன் ஏற்கெனவே சொல்லிக்கிட்டு இருக்கான், அம்மா உனக்குக் கண்ணு மங்குது, பிள்ளையக் குளிப்பாட்ட ஆள் வச்சுக்கிருவோம்னு. இதைக் கேட்டா என்னைத் தொட விட மாட்டான். அவரது கை என் முழங்காலில் இருக்கிறது. பருப்பு புடைத்துப் புடைத்துக் காய்த்த கை. என்னிடம் கேட்கிறார். என்னிடம் கெஞ்சுகிறார். எனக்கு உள்ளே ஏதோ ஒன்று சட்டென்று லேசாகிறது, அதைச் சொல்லிவிட வேண்டும், அந்த நொடி எனக்கு நிம்மதியாக இருந்தது, முடி என்றால் முடி, யாருக்கும் ஒன்றுமில்லை, மாடி அறை அப்படியே இருக்கும், காலையில் வண்டி வரும். சொல்ல மாட்டேன் அத்தை, என்றேன். நீ நல்லாருப்ப, என்றார்.

நீ நல்லாருப்ப. இழுக்கிறேன், நகரவில்லை, தப்பான நுனி. தட்டில் பஞ்சு காய்ந்துகொண்டிருக்கிறது, காயக் காய ரத்தம் கறுத்து, மஞ்சள் இன்னும் கொஞ்சம் தெரிகிறது, அதைப் பார்க்கிறேன், பார்த்துக்கொண்டே இருக்கும்போது, இதை யாரிடமும் சொல்ல முடியாது, என் கை அதை எங்கே வைக்கலாம் என்று யோசிக்கிறது, நான் இல்லை, கை, மேல்பக்க ஓரத்தில், கடைசி முடிச்சில், கறுப்பும் மஞ்சளுமாக ஒரு துளி, பார்க்கிறவர்கள் கிட்டே போய்ப் பார்ப்பார்கள். என் பிள்ளையின் விரல் இன்னும் நிறம் திரும்பவில்லை.  அவளை இறுக்கினேன், விழித்துக்கொண்டாள், அழவில்லை, என் கழுத்துச் சங்கிலியைப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோனாள், அவளுக்கு எல்லாம் வாய்க்குத்தான். பயமாக இருக்கிறது. விரல் போய்விடுமோ என்ற பயம் ஒன்று, விரல் வந்துவிட்டால் நான் இதை மறந்துவிடுவேனோ என்ற பயம் இன்னொன்று. வந்துவிட்டால் ராத்திரி வீட்டுக்காரர் வந்து, என்னாச்சு என்பார், முடி என்பேன், அவர் சிரித்துக்கொண்டே மொட்டை அடிச்சிரு என்பார், நானும் சிரிப்பேன், அத்தையும் சிரிப்பார், அப்புறம் அத்தை அவளைக் குளிப்பாட்டும்போதெல்லாம் அந்தக் காலைத் தொடும்போது மட்டும் கை ஒரு கணம் தயங்கும், சாகும்வரை தயங்கும், அதை நான் பக்கத்தில் துண்டோடு நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

டாக்டர் வந்துவிட்டார். கையைக் கழுவிக்கொண்டே, தூங்கி எந்திரிச்சாச்சா மேடம் என்று அமுதினியிடம் கேட்கிறார். குனிந்து அந்த விரலைத் தன் இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அமுக்குகிறார். அத்தை கண்ணை மூடிக்கொள்கிறார். நான் மூடவில்லை. அமுக்கிய இடம் வெளுக்கிறது. விடுகிறார். வெளுப்பாகவே இருக்கிறது. இருக்கிறது. பிறகு அடியிலிருந்து, பள்ளத்துக்கு மேலே, மெல்லக் கசிந்து ஏறுகிறது, சிவப்பு என்று சொல்ல முடியாது, பழைய செங்கல்லின் நிறம், ஆனால் கறுப்பு இல்லை. இன்னொரு தடவை அமுக்குகிறார். மறுபடியும் ஏறுகிறது. வந்திருச்சு என்கிறார். மருந்து எழுதித் தர்றேன், நாளைக்குக் கூட்டிட்டு வாங்க, இந்த வீக்கம் வத்த நாளாகும், பயமில்ல. அத்தை எழுந்து டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார், விட்டுவிட்டு நேராக மூலையில் இருந்த குப்பைக்கூடைக்குப் போய்க் காலால் மூடியை மிதித்துத் திறந்து அந்தச் சாக்ஸ் ஜோடியை உள்ளே போட்டார். மூடி விழுந்தது. நர்ஸ் தட்டிலிருந்த பஞ்சைச் சுருட்டி எடுத்தாள்.

அதை இப்படிக் குடும்மா, என்றேன். எதுக்குக்கா, குப்பைக்குப் போறது. குடு. பஞ்சைப் பிரித்தேன், ஒரு துண்டை எடுத்து, ரத்தம் படாத நுனியை மேலே வைத்துக் கையில் பிடித்துக்கொண்டேன். பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, மூடியை மிதித்து, கூடைக்குள் கை விட்டுச் சாக்ஸை எடுத்தேன். என்ன தாயி செய்யுற, அசிங்கம் என்றார் அத்தை. சாக்ஸை அவர் கையில் வைத்தேன். பக்கத்திலேயே அந்தத் துண்டையும் வைத்தேன். இது அது இல்ல அத்தை, என்றேன். மத்தியானம் நான் கழட்டிட்டுத் திரும்பப் போட்டேன். என் வாயில இருந்துச்சு. அதற்கு மேல் சொல்ல நிறைய இருந்தது, காணோம், இன்னொன்று எடுத்துக்கொண்டேன் என்பது இருந்தது, அழுகை வேறு அழுகை என்று தெரியும் என்பது இருந்தது, அது வெளியே வரவில்லை, ஆனால் நுனி வந்துவிட்டது, சரியான நுனியா என்று எனக்குத் தெரியவில்லை. அத்தை துண்டை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். மஞ்சளைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. வெகுநேரம் பார்க்கவில்லை. நர்ஸ் சீட்டை நீட்டிக்கொண்டே நின்றாள். பிறகு அத்தை என் தோளுக்குக் கையைக் கொண்டுவந்தார், அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன், அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன், துப்பட்டாவில் ஒட்டியிருந்த இன்னொரு புரியைப் பிடித்து இழுத்து எடுத்தார். இன்னொன்று, கைப்பக்கம். இன்னொன்று, அமுதினியின் முதுகில். ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், எல்லாவற்றையும் எடுத்தார். கீழே போடவில்லை, கூடையிலும் போடவில்லை. பிள்ளையை என்னிடம் கேட்டு வாங்கவும் இல்லை. வெளியே வந்து ஆட்டோவில் ஏறினோம், வழி முழுக்க ஒரு கையில் சாக்ஸும் இன்னொரு கையில் அந்த நூல்களும், அந்தக் கையை மூடியே வைத்திருந்தார், வீட்டு வாசல் வந்து இறங்கும்போதும் அவர் திறக்கவில்லை.